"நம்ம வீட்டுக்கும் அந்த வாத்தியார் வருவாரா?"

கேள்வி: லீவில் பிள்ளைகள் சிரிக்கட்டுமே என்று 'பசங்க' படம் போட்டோம். 7 வயது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். 11 வயது மகன் பாதிக்கு மேல் சிரிக்கவே இல்லை. அன்று ராத்திரி, "அந்த வாத்தியார் மாதிரி நம்ம வீட்டுக்கும் யாராவது வருவாங்களாம்மா?" என்று கேட்டான். பண விஷயத்தில் நானும் கணவரும் அடிக்கடி சத்தம் போட்டுக்கொள்வோம். கை நீட்டியதில்லை. "கண்ட படத்தைப் போட்டா இப்படித்தான்" என்கிறார் அவர். படம் காட்டியது தப்பா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தப்பே இல்லை அம்மா. உங்கள் இரண்டு பிள்ளைகளும் படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

2009இல் அது வந்தபோது நானும் சிரிக்கத்தான் போனேன். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர், ஆறாம் வகுப்பு, இரண்டு கோஷ்டி. பெயருக்குப் பின்னால் இப்போதே ஐ.ஏ.எஸ். சேர்த்துக்கொள்ளும் அன்புக்கரசு, இல்லாத பைக்கை ஸ்டார்ட் செய்து, வாயாலேயே கியர் மாற்றி ஓட்டிப்போவான். தியேட்டரே சிரித்தது. அதே பையன் வீட்டில் அப்பா அம்மா சண்டைக்கு நடுவே நிற்கும்போது பக்கத்து சீட்டில் பாப்கார்ன் சத்தம் நின்றுபோனது. உங்கள் மகன் கேட்கும் வாத்தியார், அந்தச் சண்டையைப் பேசித் தீர்த்து வைப்பவர். இயக்குநர் பாண்டிராஜுக்கு அது முதல் படம். வசனத்துக்குத் தேசிய விருது. அன்புக்கரசாகவும் எதிர்க்கோஷ்டி ஜீவாவாகவும் நடித்த இரண்டு பையன்களுக்கும் சிறந்த குழந்தை நட்சத்திர விருது. (பெரியவர்களின் காதல் பகுதி கொஞ்சம் நீளம்தான். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க எழுந்து போவது அங்கேதான்.)

உங்கள் மகன் ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொல்ல அவனுக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார், அவ்வளவுதான். "எங்க வீட்டுல சண்டை" என்று அவனால் சொல்ல முடியாது. சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி. படத்தில் வருவதைப் பற்றிக் கேட்டால் யாரையும் குற்றம் சொன்னதாகாதே!

அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லியிருக்க மாட்டீர்கள். "யாரும் வர மாட்டாங்கப்பா. சண்டை எங்க ரெண்டு பேருக்குள்ள. நீ ஒண்ணும் பண்ணல, நீ தீர்க்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சண்டைக்குத் தான்தான் காரணமோ என்ற சந்தேகம் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வரும். ஸ்கூல் ஃபீஸ், டியூஷன் என்று பேச்சு போகிற வீட்டில் நிச்சயம் வரும்.

பேச்சு வார்த்தை நின்றுபோன நாட்களில் "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அவனைத் தூது அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. சமையலறைக்கும் திண்ணைக்கும் நடந்த நடை இன்னும் காலில் இருக்கிறது. கணக்கு வழக்கை அவன் பள்ளிக்குப் போன பிறகு, நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். சத்தம் எழுந்துவிட்டால், சமாதானத்தையும் அவன் கண் முன்னாலேயே செய்துகொள்ளுங்கள். சண்டையை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போகும் பிள்ளைக்கு அது முடிந்ததே தெரியாது.

கை நீட்டியதில்லை என்கிறீர்கள், நல்லது. என்றைக்காவது அது மாறினால் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். அதற்கு என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் உங்கள் கணவர். அவர் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தாரா, செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகன் பக்கத்தில் உட்கார வைத்து இன்னொரு தடவை போடுங்கள். நீங்கள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருங்கள்.