போன் பேட்டரிக்கு ஆகாதது எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

புது போன் வாங்கினேன். அணைத்து வைத்து எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும், அதன்பின் ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்துக்கு இறங்கிய பிறகே சார்ஜ் போட வேண்டும் என்றார் கடைக்காரர். சரியா?
– தஞ்சாவூர் வாசகர்

இரண்டுமே நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரைகள். அந்தப் பேட்டரியைப் பாதியிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் செய்தால், அந்தப் பாதி அளவையே முழு அளவாகப் பழகிக்கொள்ளும் கோளாறு அதற்கு இருந்தது. இன்றைய போன்களில் இருக்கும் லித்தியம்-அயனி பேட்டரிக்கு அந்தக் கோளாறு கிடையாது. 30 சதவீதத்திலிருந்து 60 வரை, 50-லிருந்து 75 வரை என்று கிடைத்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். அதற்கு அதுதான் பிடிக்கும்.

பூஜ்ஜியத்துக்கு இறக்குவது உண்மையில் கெடுதல். போன் அணைந்துவிடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 3 வோல்ட் அல்லது சற்று அதிகம் மிச்சம் இருக்கும். அப்படியே மேசை இழுப்பறையில் சில மாதம் கிடந்தால், மிச்சமும் மெல்ல வடிந்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே போகும். அந்த நிலை நீடித்தால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பேட்டரியோடு ஒட்டியிருக்கும் சின்ன பாதுகாப்புப் பலகை அப்போது இணைப்பையே துண்டித்துவிடும். "பழைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டால் உயிரே வரவில்லை" என்பவர்களின் போனில் பெரும்பாலும் நடந்தது இதுதான். போனை நீண்ட நாள் சும்மா வைக்கப் போகிறீர்கள் என்றால் 50 சதவீதத்தில் அணைத்து, சூடில்லாத இடத்தில் வையுங்கள். நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

திரையில் காட்டும் சதவீதம் தாறுமாறாகக் குதித்தால் மட்டும், ஒருமுறை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றலாம். அதனால் சீராவது போனின் கணக்குதான். பேட்டரியின் தெம்பு கூடாது.

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு விளக்க வேண்டும். போன் பேட்டரிக்குள் என்ன இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது?
– காரைக்குடி ஆசிரியை

நீளமான இரண்டு உலோகத் தாள்களிலிருந்து தொடங்குங்கள். ஒன்று அலுமினியத் தாள். அதன்மேல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பூசியிருப்பார்கள்; இது நேர்முனை. மற்றது செப்புத் தாள். அதன்மேல் கிராஃபைட், அதாவது பென்சிலில் இருக்கும் அதே கரி, இது எதிர்முனை. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவே நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் தாள். அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான் வரை. தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. மூன்றையும் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, தட்டையாக்கி, அலுமினியப் பூச்சுள்ள உறையில் வைத்து, லித்தியம் உப்பு கரைந்த கரிமத் திரவத்தை ஊற்றி, காற்றுப் புகாமல் ஒட்டிவிடுகிறார்கள். திரவத்தில் தண்ணீர் துளிகூட இருக்கக் கூடாது. இத்தனை வோல்ட்டில் தண்ணீர் பிளந்து வாயுவாகிவிடும். அந்த உப்போடு சேர்ந்தால் அமிலமும் உண்டாகும்.

சார்ஜ் ஏறும்போது, கோபால்ட் ஆக்சைடில் குடியிருக்கும் லித்தியம் தன் எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகிக் கிளம்பும். எலக்ட்ரானுக்கு வெளியே கம்பி வழி, அயனிக்கு உள்ளே திரவத்தின் வழி. இரண்டும் கிராஃபைட்டில் போய்ச் சேர்கின்றன. கிராஃபைட் அடுக்கடுக்காக இருப்பதால் அயனிகள் அந்த அடுக்குகளின் இடைவெளியில் நுழைந்து தங்கும். ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் என்பது கணக்கு. போனைப் பயன்படுத்தும்போது எல்லாம் வந்த வழியே திரும்பும். எலக்ட்ரான்கள் கம்பி வழியாகத் திரும்பும் பாதையில்தான் திரையும் ஒலிபெருக்கியும் வேலை வாங்கிக்கொள்கின்றன.

மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய-அமில பேட்டரியில் தகடே வேறு பொருளாக மாறி மாறித் திரும்புகிறது. லித்தியம்-அயனியில் வீடுகள் இரண்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன, குடியிருப்பவர் மட்டும் இடம் மாறுகிறார். நூற்றுக்கணக்கான முறை ஏற்றி இறக்கியும் தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

அடுத்து எடை. ஈய-அமில செல் 2 வோல்ட், நிக்கல்-காட்மியம் 1.2 வோல்ட் தரும். லித்தியம்-அயனி ஒரே செல்லில் சராசரியாக 3.7 முதல் 3.85 வோல்ட் தருகிறது. 5000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) போன் பேட்டரியைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: 5 ஆம்பியர்-மணி × 3.85 வோல்ட் = 19.25 வாட்-மணி. இதன் எடை ஏறக்குறைய 70 கிராம். இதே மின்னாற்றலை ஈய-அமிலத்தில் வைத்தால் அரைக் கிலோவைத் தொடும். சட்டைப் பையில் வைக்க முடியாது.

இது ஒருவர் கண்டுபிடிப்பு அல்ல. அயனிகள் அடுக்குகளுக்குள் நுழைந்து வெளியேறும் பேட்டரியை 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் செய்து காட்டினார். 1980-இல் ஜான் குட்இனஃப் குழு ஆக்ஸ்ஃபோர்டில் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தது. 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ எதிர்முனையில் லித்தியம் உலோகத்தை விலக்கிக் கரியை வைத்ததால் பேட்டரி பாதுகாப்பானது. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான் என்பதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

இரவு முழுவதும் சார்ஜில் போட்டால் பேட்டரி கெட்டுவிடுமா? 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்வது ஏன்?
– கோவை வாசகர்

அளவுக்கு மீறி ஏறிவிடும் என்ற பயம் தேவையில்லை. சுவரில் செருகுவதைச் சார்ஜர் என்கிறோம். உண்மையில் ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று போனுக்குள்ளேதான் இருக்கிறது. அது முதலில் நிறைய மின்னோட்டத்தை விடும். செல் 4.35 முதல் 4.45 வோல்ட் வரையிலான தன் உச்சத்தைத் தொட்டதும், வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். மிகக் குறைந்ததும் நிறுத்திவிடும். கடைசி 20 சதவீதம் ஏற அதிக நேரம் ஆவது இதனால்தான்.

கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. முதல் சார்ஜின்போதே திரவத்தில் கொஞ்சம் சிதைந்து கிராஃபைட்டின்மேல் மெல்லிய தோலாகப் படியும். அந்தத் தோல் இல்லாமல் பேட்டரியே இல்லை. ஆனால் அது வருடக்கணக்கில் மெல்லத் தடித்துக்கொண்டே போகும். தடிக்கத் தடிக்க, அதற்குள் சிக்கிய லித்தியம் இனி வேலைக்கு வராது. உச்ச வோல்ட்டில் நிற்கும்போது நேர்முனைப் பக்கத்திலும் திரவம் சிதையும். இரண்டையும் வேகப்படுத்துவது சூடு. நிறைந்த பேட்டரி சூடான இடத்தில் பல மணி நேரம் நிற்பது, அதுதான் ஆகாத சேர்க்கை. தலையணைக்கு அடியில், தடித்த ரப்பர் உறையோடு, 100 சதவீதத்தில் விடிய விடியக் கிடக்கும் போனுக்கு நடப்பது அது.

அமைப்புகளில் 80 சதவீத வரம்பு இருந்தால் போட்டுவிடுங்கள். விழிக்கும் நேரம் பார்த்து மிச்சத்தை ஏற்றும் வசதி இருந்தால் அதுவும் நல்லது. ஆனால் 20-க்கும் 80-க்கும் நடுவிலேயே நிற்கிறதா என்று நாள் முழுக்கச் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. பயணத்துக்கு முன் 100 வரை ஏற்றுங்கள், தப்பில்லை. சார்ஜ் போடும்போது உறையைக் கழற்றி, மெத்தையில் இல்லாமல் மேசைமேல் வையுங்கள். பலன் அதில்தான் அதிகம்.

67 வாட் சார்ஜரில் ஏற்றினால் ஆயுள் குறையுமா? லேப்டாப் சார்ஜரைப் போனுக்குப் போடலாமா?
– வேலூர் வாசகர்

போடலாம். டைப்-சி சார்ஜர் எதுவும் தானாக மின்சாரத்தைத் திணிக்காது. தனக்கு வேண்டியதைப் போன் கேட்கும், சார்ஜர் அதைத்தான் தரும். பேச்சு ஒத்துப்போகாவிட்டால் 5 வோல்ட்டில் மெதுவாக ஏறும், அவ்வளவே.

வேகத்துக்கு வருவோம். கிராஃபைட் அடுக்குகளுக்குள் அயனி நுழைய அவகாசம் வேண்டும். வரும் வேகம் மிஞ்சினால் அயனிகள் வாசலிலேயே நின்று உலோக லித்தியமாகப் படிந்துவிடும். அந்தப் படிவு கூர் கூராக வளர்ந்தால் நடுத்தாளைக் குத்தும் அபாயமும் உண்டு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். குளிரில் அயனி நுழைவது இன்னும் மெதுவாகும். கொடைக்கானலில்கூட நமக்கு அந்தக் கவலை அரிது. நல்ல போன்கள் கிராஃபைட் காலியாக இருக்கும் தொடக்கத்தில் மட்டும் முழு வேகம் காட்டி, நிறைய நிறையக் குறைத்துக்கொள்ளும். பல போன்களில் பேட்டரியை இரண்டு செல்லாகப் பிரித்திருப்பதும் சூட்டைக் குறைக்கத்தான். ஆகவே அவசரத்துக்கு வேகம், இரவில் சாதாரண சார்ஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் வாட்டைவிடக் கத்திரி வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் முகப்புப் பலகைமேல், வழிகாட்டி வரைபடத்தை ஓடவிட்டுச் சார்ஜும் போட்டிருப்பது ஒரே நேரத்தில் மூன்று சூடு. செல் 45 டிகிரியைத் தாண்டினால் பல போன்கள் ஏற்றத்தை நிறுத்திவிடும் அல்லது குறைத்துவிடும். அப்போது நிழலில் வைத்து ஆறவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

25 சதவீதம் காட்டும்போதே, கேமராவைத் திறந்ததும் போன் அணைந்துவிடுகிறது. மூன்று வருடப் போன்.
– நாகர்கோவில் வாசகி

மேலே சொன்ன தோல் தடிப்பால் பேட்டரியின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு உள்ளேயே இருக்கும் தடை, கூடிவிட்டது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: செல் 3.6 வோல்ட்டில் இருக்கிறது, கேமரா திறந்ததும் 2 ஆம்பியர் இழுக்கிறது. புதிதாக இருந்தபோது உள்தடை 0.1 ஓம் என்றால் 0.2 வோல்ட் சரியும், 3.4 வோல்ட்டில் போன் ஓடும். இப்போது 0.3 ஓம் ஆகியிருந்தால் 0.6 சரிந்து 3 வோல்ட்டுக்கு வந்துவிடும். போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. செயலிகளை நீக்கியோ, போனைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றியோ பயனில்லை. அமைப்புகளில் பேட்டரி ஆரோக்கியம் 80 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் பேட்டரியை மாற்றுங்கள், போனை மாற்ற வேண்டியதில்லை.

மாற்றுப் பேட்டரி வாங்கும்போது அசலா என்று எப்படிப் பார்ப்பது? என் 4000 எம்ஏஎச் போனுக்கு, அதே அளவில் 6000 எம்ஏஎச் இருக்கிறது என்கிறார்கள்.
– சேலம் வாசகர்

அதே கனத்தில் ஒன்றரை மடங்கு என்றால் நம்பாதீர்கள். வாட்-மணியைப் பாருங்கள், பிறகு எடை போடுங்கள். சாதாரண போன் செல்லில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 260 முதல் 270 வாட்-மணிதான் அடங்கும். 6000 எம்ஏஎச் என்றால் 23 வாட்-மணி. 85 முதல் 90 கிராம் வரை இருக்க வேண்டும். அது 55 கிராம் காட்டினால் ஒட்டியிருக்கும் எண் பொய். சமையலறைத் தராசே இதற்குப் போதும்.

இந்தியாவில் விற்கும் பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்தப் பதிவெண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் யார் என்று தெரியும். தயாரித்த தேதியையும் பாருங்கள். கடையில் இரண்டு மூன்று வருடம் கிடந்த பேட்டரி பயன்படுத்தாமலே கிழடாகியிருக்கும்.

போனின் பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. அமுக்கினால் பழையபடி உட்கார்கிறது. கவலைப்பட வேண்டுமா?
– திருச்சி வாசகர்

இனி அமுக்காதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறது. திரவம் சிதைந்து உண்டான வாயுவை உறை வெளியே விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. இந்த நிமிடமே சார்ஜை நிறுத்தி, போனை அணையுங்கள். ஊசியால் குத்தி வாயுவை விடும் வேலை வேண்டவே வேண்டாம். உள்ளிருக்கும் இரு தாள்களும் ஒன்றையொன்று தொட்டால், ஒரு புள்ளியில் தொடங்கும் சூடு அடுத்ததைச் சிதைத்து, அது இன்னும் சூடேற்றி, நொடிகளில் தீயாகும். 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற நேர்ந்தது பேட்டரிக் குறைகளால்தான்: ஒரு வகையில் மூலையில் தாள் மடங்கியிருந்தது, இன்னொரு வகையில் பற்றவைப்பின் பிசிறு உள்ளே குத்தியது. அவ்வளவு சிறிய பிசகே போதும்.

மணல் போட்ட மண்சட்டியிலோ இரும்புப் பாத்திரத்திலோ, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, சீக்கிரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அவர் பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல், ஒட்டும் பட்டையை இழுத்தோ, பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இளக்கியோ, பிளாஸ்டிக் அட்டையால் எடுக்க வேண்டும். நெம்ப வந்தால் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.

புகை வந்துவிட்டால் எல்லாரையும் வெளியேற்றி, தூரத்திலிருந்து முடிந்தால் மின்இணைப்பைத் துண்டியுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு இருக்கும், மூச்சில் போகக் கூடாது. இணைப்புத் துண்டித்த சிறிய பேட்டரித் தீயைத் தணிக்க ஏராளமான தண்ணீர் உதவும். சூட்டை இறக்குவதுதான் அங்கே முதல் வேலை. பரவத் தொடங்கினால் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. முனைகளில் டேப் ஒட்டிச் சேவை மையத்தில் கொடுங்கள்.

20,000 எம்ஏஎச் பவர்பேங்க் என் 5000 போனை நான்கு முறை ஏற்றுவதில்லையே? விமானத்தில் கொண்டுபோகலாமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 74 வாட்-மணி. அதை உயர்த்தி வெளியே விடும்போதும், போன் அதை மீண்டும் இறக்கி ஏற்றும்போதும் இழப்பு உண்டு. கையில் சேர்வது 48 வாட்-மணி என்று வைத்தால், 19.25-ஆல் வகுக்க இரண்டரை முறை. ஏமாற்று அல்ல.

விமானத்தில் கைப்பையில் மட்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி, அதாவது ஏறக்குறைய 27,000 எம்ஏஎச். அளவு அச்சிடப்படாத பவர்பேங்கைப் பிடித்து வைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. விமான நிறுவனத்தின் விதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தினமும் சார்ஜ் போட்டால் மின்கட்டணம் எவ்வளவு கூடும்?
– விருதுநகர் வாசகி

5000 எம்ஏஎச் போன் ஒன்றை முழுக்க ஏற்ற, இழப்பையும் சேர்த்தால் சுமார் 23 வாட்-மணி. ஒரு யூனிட்டில் 43 முறை ஏற்றலாம். வருடம் முழுக்கத் தினமும் போட்டாலும் எட்டரை யூனிட்தான்.