வாசகர் கேள்வி – பதில்: மெஸ் வாசலில் சார்ஜிங் நிலையம்

கேள்வி: தேசிய நெடுஞ்சாலை 44-இல், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் பக்கத்தில் மெஸ் நடத்துகிறேன். வாசலில் பத்து கார்கள் நிற்கலாம். மின்வாகன சார்ஜிங் நிலையம் அமைக்க உரிமம் தேவையா? எந்த சார்ஜரை வாங்குவது?
– வாசகர் ஒருவர், காவேரிப்பட்டணம்

பதில்: உரிமம் தேவையில்லை. வாகனத்துக்குச் சார்ஜ் ஏற்றித் தருவது ஒரு சேவையே அன்றி மின்சார விற்பனை அல்ல என்று மத்திய மின்துறை 2018-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. மின்இணைப்பும் பாதுகாப்பு விதிகளும் வேறு விஷயம். அவற்றில் சலுகை கிடையாது.

சார்ஜரைத் தேர்ந்தெடுக்கும்போது, வாடிக்கையாளர் உங்கள் கடையில் எவ்வளவு நேரம் உட்காருவார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 40 யூனிட் கொள்ளும் பேட்டரி உள்ள கார் ஒன்றை 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்குக் கொண்டுவர 24 யூனிட் வேண்டும். 7.4 கிலோவாட் ஏ.சி. சார்ஜரில் இதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அது தங்கும் விடுதிக்குப் பொருந்துமே தவிர மெஸ்ஸுக்குப் பொருந்தாது. 30 கிலோவாட் டி.சி. சார்ஜரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 60 கிலோவாட்டில், கார் அவ்வளவு மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளுமானால், சாப்பிட்டுக் கை கழுவி வரும் நேரம் போதும். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைந்துவிடுவதால், அதற்குமேல் காத்திருப்பவர் பின்னால் வருபவரின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றே பொருள்.

என் யோசனை, தனித்தனியாக இரண்டு 30 கிலோவாட் இயந்திரங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு சி.சி.எஸ்.2 துப்பாக்கி (இங்குள்ள பெரும்பாலான மின்கார்களுக்குப் பொருந்தும் வேகச் சார்ஜிங் பிளக்). வேகம் சற்றுக் குறைந்தாலும், ஒன்று பழுதானால் மற்றொன்று ஓடும். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வரும் கார், கணக்கிட்டதைவிட அதிகமாகச் சார்ஜை இழந்திருக்கும்; அது இனிப் போக வேண்டிய வழியிலும் ஓசூர் வரை இன்னும் ஏற்றம் இருக்கிறது. அத்தகைய பயணி செயலியைப் பார்த்து நம்பி வந்து, திரை இருண்ட இயந்திரத்தின் முன் நின்றால், மறுமுறை உங்கள் கடைப் பக்கம் திரும்பமாட்டார். எதிர்ப்பக்கத்தில் இறங்கி வருபவருக்கு இந்தத் தவிப்பு குறைவு. அந்த வகையில் உங்கள் இடம் வாய்ப்பானது.

பணம் கட்டுவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்தில் உங்கள் டிரான்ஸ்பார்மரின் திறனை விசாரியுங்கள். தோட்டத்து மோட்டார்களோடு பகிர்ந்துகொள்ளும் டிரான்ஸ்பார்மர் என்றால் 60 கிலோவாட் கூடுதல் பளுவை அது தாங்காமல் போகலாம். புதிதாக ஒன்று வைக்கும் செலவு சார்ஜரின் விலையோடு போட்டி போடக்கூடும்.

இன்னொன்று, சிறியதாகத் தோன்றினாலும் தினமும் தொல்லை தருவது: சில கார்களுக்கு மூக்கில் சார்ஜிங் வாய், சிலவற்றுக்குப் பின்சக்கரத்தின் மேலே. கேபிள் இரண்டுக்கும் எட்டும்படி இயந்திரத்தை இரு இடங்களுக்கு நடுவில் நிறுத்துங்கள். நிழலுக்காக டீசல் கார்கள் அங்கே ஒதுங்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் சார்ஜிங் நிலையமே இல்லை. மின் ஸ்கூட்டர் வாங்கலாமா?
– வாசகி ஒருவர், அரூர்

பதில்: தாராளமாக வாங்கலாம். போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் தயாராகும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் இரவில் வீட்டுப் பிளக்கில்தான் சார்ஜ் ஆகின்றன; முழுதாக ஏற ஏறத்தாழ மூன்று, நான்கு யூனிட் போதும். வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.