இடித்த காருக்கு ஒரு பக்க சஸ்பென்ஷன் சாமான் மட்டும் மாற்றினால் போதுமா? பழைய சாமான் போடலாமா?

கேள்வியைப் பார்த்தால், வண்டி இன்னும் வொர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, போர்மன் (வொர்க்‌ஷாப் மெக்கானிக்) மாற்ற வேண்டிய சாமான்களுக்கு நீளமாக ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார், உங்களுக்கு அதில் பாதிகூட நம்பிக்கையில்லை. சரிதானே? நான் மெக்கானிக் இல்லை, தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவன். ஆனால் ஒரே இடிக்கு மூன்று தடவை பணம் கட்டியவன்.

எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். போன வருடம் முன்னால் போன லாரியிலிருந்து ஒரு செம்பனைக் குலை உருண்டு விழுந்தது. இருபது கிலோ இருக்கும். ஸ்டியரிங்கை ஒடித்ததில் இடது முன்சக்கரம் பக்கவாட்டில் போய் லோங்காங் (சாலையோரக் கால்வாய்) சிமெண்டில் மோதியது. (வேகமாகப் போயிருப்பாய் என்று எழுத வருகிறவர்களுக்கு: ஐம்பதுக்குள்தான்.) லாரி நிற்கவே இல்லை. மேலே ஒரு வலையைக் கட்டினால் என்ன குறைந்துவிடும் இவர்களுக்கு?

இன்சூரன்சில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். லாரி நம்பர் இல்லை. என் பாலிசியிலேயே கேட்டால் வருடக்கணக்கில் சேர்த்த 55 சதவீத என்.சி.டி. (இழப்பீடு கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் கழிவு) போய்விடும். வண்டியோ பன்னிரண்டு வயது மைவி கார். பத்தைத் தாண்டினால் புதுச் சாமான் விலையில் 40 சதவீதத்தை ‘பெட்டர்மெண்ட்’ என்று நம் தலையில் கட்டுவார்கள்.

ஆகவே கைக்காசு. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் வளைந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது, குலுங்கலைத் தாங்கும் அப்சோபரில் எண்ணெய்க் கசிவு. இடது பக்கம் மட்டும் அப்சோபர் புதிது, லோவர் ஆர்ம் பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்துச் சாமான் விற்கும் கடை) எடுத்தது. வண்டி இடது பக்கமே இழுத்தது. டயர் என்றார்கள், டயரையும் மாற்றினேன். மூன்றே மாதத்தில் அந்தப் புது டயரின் வெளி ஓரம் மட்டும் மொட்டை. அதற்குள் அந்தப் பழைய லோவர் ஆர்மின் நுனியில் உள்ள பால் ஜாயிண்ட்டும் (குண்டு மூட்டு) தட்ட ஆரம்பித்துவிட்டது.

அப்புறம்தான் ஈப்போவில் சக்கரக் கோணம் சரிபார்க்கும் ஒரு அலைன்மெண்ட் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் மெஷின் பக்கமே போகவில்லை. ஸ்டியரிங்கை நேராக வைத்துவிட்டு, டயருக்கும் அப்சோபர் குழாய்க்கும் நடுவே விரலை விட்டான். வலது பக்கம் ஒரு விரல், அதுவும் இறுக்கமாக. இடது பக்கம் இரண்டு விரல் தாராளமாகப் போனது. “அங்கிள், அப்சோபர் புதுசுதானே? அப்ப நக்கிள் வளைஞ்சிருக்கு.” நக்கிள் என்றால் சக்கரத்தின் பேரிங் உட்காரும் இரும்புத் துண்டு, அப்சோபரும் லோவர் ஆர்மும் அதில்தான் சேரும். பிறகுதான் மெஷினில் ஏற்றினான். கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, வலது பக்கம் பூஜ்யத்தை ஒட்டி, இடது பக்கம் பிளஸ் 1.5 டிகிரி, அதாவது மேல்பக்கம் வெளியே சாய்ந்திருந்தது. இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து, லோவர் ஆர்மும் வளையாமல் இருந்து, கேம்பர் மட்டும் தப்பாக இருந்தால், லோவர் ஆர்மைத் தாங்கும் கிராஸ் மெம்பரோ மேலே அப்சோபர் உட்காரும் இடமோ நகர்ந்திருக்குமாம். அப்போது அப்சோபரையும் நக்கிளையும் மாற்றிப் பிரயோஜனமில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்சோபரை ஜோடியாக மாற்றுங்கள், புதிதும் கிழடும் ஒன்றாக ஓடாது. லோவர் ஆர்ம், நக்கிள் இடித்த பக்கம் மட்டும் போதும். ரப்பரும் பால் ஜாயிண்ட்டும் உள்ள எதையும் பழையதாக வாங்காதீர்கள். நக்கிளை நான் பொத்தோங் கடையில்தான் எடுத்தேன், பேரிங் மட்டும் புதிது. அது கூடாது என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். பிறகு ஒன்று, லோவர் ஆர்ம் போல்ட்டின் கடைசி முறுக்கை வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு போடச் சொல்லுங்கள். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ஆர்மின் மூட்டில் உள்ள புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். எங்கள் ஊர் போர்மன் அப்படித்தான் இறுக்கினார், நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் நடுவில் என் மச்சான் வேறு. “இந்த டப்பாவுக்கு ஏன் செலவு பண்றீங்க, 9 வருஷக் கடன்ல புதுசு எடுங்க.” எனக்கு வயது அறுபத்திரண்டு. அவர் எடுத்த புது வண்டிக்கு முன்பணம் நான் கொடுத்தது, இன்னும் திரும்பி வரவில்லை. அதை இங்கே எழுதக் கூடாதுதான்.

நக்கிள் மாற்றிய பிறகு நானே விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரு விரல். உங்கள் வண்டி எந்தப் பக்கம் இடித்தது என்று எழுதவில்லையே? பட்டியலுக்குச் சரி சொல்வதற்கு முன் விரலை விட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.