பொருட்காட்சிக்கு ஆள் அமர்த்துவது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கோடை விடுமுறையில் எங்கள் ஊரில் ஒரு திடலை வாடகைக்கு எடுத்து, நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மாதம் பொருட்காட்சி நடத்த இருக்கிறோம். ராட்டினக்காரர் தம் ஆட்களோடு வந்துவிடுவார். டிக்கெட், வாசல், வண்டி நிறுத்துமிடம், துப்புரவு ஆகிய வேலைகளுக்கு நாங்கள்தான் ஆள் பிடிக்க வேண்டும். எத்தனை பேரை, எப்படி அமர்த்துவது?
– மன்னார்குடி வாசகர்

பதில்: ஆள் கிடைப்பதைப் பொறுத்தவரை நல்ல காலத்தைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். சம்பா, தாளடி அறுவடைகள் முடிந்த பின், வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கும் வரை, ஆழ்குழாய்க் கிணறு இல்லாத வயல்கள் பெரும்பாலும் தரிசாகவே கிடக்கும். அந்த இடைவெளியில் வருமானமின்றி இருக்கும் சுற்றுவட்டாரக் கிராமத்துக் குடும்பங்களுக்கே முதல் அழைப்பு போக வேண்டும் என்பது என் விருப்பம்.

எத்தனை பேர் என்பதைக் கடைகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்குமேல் திடலில் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்பதே கணக்கு. அந்தக் கூட்டத்துக்குப் போதுமான ஆட்களைப் பேசி வைத்துக்கொண்டு, வார நாள்களில் குறைத்துக்கொள்ளலாம். எந்தெந்த நாளில் வேலை உண்டு என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ராட்டினத்து ஆட்கள் ராட்டினக்காரரின் பொறுப்பு என்று விட்டுவிடாதீர்கள். பெரிய ராட்டினம் ஒவ்வொன்றிலும், இயக்குபவர் ஒருவர், ஆட்களை ஏற்றி இறக்கிக் கம்பியைப் பூட்டுபவர் ஒருவர், வரிசையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் எனக் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். செலவைக் குறைப்பதற்காக இயக்குபவரே இறங்கி வந்து கம்பியையும் பூட்டிவிட்டுத் திரும்பிப்போய் விசையைத் தட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. பூட்டுபவர் ஒவ்வொரு கம்பியையும் பார்த்தால் மட்டும் போதாது, கையால் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். பின்னல், துப்பட்டா, சேலை முந்தானை ஆகியவை வெளியே தொங்கினால் உள்ளே ஒதுக்கச் சொல்ல வேண்டும். சுழலும் பாகத்தில் அவை சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அவர் கையை உயர்த்திக் காட்டிய பிறகே இயக்குபவர் விசையைத் தொட வேண்டும். ஜெயன்ட் வீலில் ஒரே பக்கத்துப் பெட்டிகளை வரிசையாக நிரப்பினால் எடை ஒருபுறம் சாய்ந்துவிடும் என்பதால், எதிரெதிர்ப் பெட்டிகளை மாற்றி மாற்றி நிரப்பவும் அதே முறையில் இறக்கவும் தெரிந்தவர்தான் அங்கே நிற்கலாம். உள்ளூர் மாணவர்களை வரிசையில் நிறுத்தலாம், விசையருகே வேண்டாம்.

இவர்களை அவ்வப்போது மாற்றிவிட ஓர் ஆள் உபரியாக இருக்கட்டும். மாலை முழுவதும் கூச்சலிலும் விளக்கு வெளிச்சத்திலும் நின்றவருக்குக் கவனம் தளர்வது இயல்பு, அது அவருடைய குற்றமன்று. கோடை இடிமழைக்கான மேகம் திரண்டாலோ காற்று வலுத்தாலோ ராட்டினத்தை நிறுத்தும் அதிகாரம் இயக்குபவருக்கே இருக்க வேண்டும். அப்படி நிறுத்தியதற்காக அவர் கூலியில் ஒரு ரூபாயும் குறையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

14 வயது நிறையாதவர்களை வேலைக்கு அமர்த்துவதும், 18 வயது நிறையாதவர்களை அபாயகரமான வேலைகளில் விடுவதும் சட்டப்படி குற்றம். பள்ளி விடுமுறைதானே என்று பலூன் விற்கவும் பாத்திரம் கழுவவும் சிறுவர்களைக் கூப்பிட வேண்டாம். 18 நிறைந்ததற்குச் சான்று பார்த்தே எடுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்தால், அவர் கூலி தராதபோது அதைக் கொடுக்கும் பொறுப்பு உங்களையே வந்து சேரும். ஆகவே கூலி கையில் போய்ச் சேர்ந்ததற்கு வாரந்தோறும் கையெழுத்து வாங்குங்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், கடைசி டவுன் பஸ் போன பிறகு வேலை முடிபவர்களுக்கு வீடு வரை வண்டியும் இல்லாமல் ஆள் சேர்க்கத் தொடங்காதீர்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளைப் பொருட்காட்சி டிக்கெட் கவுண்டரில் மாலை வேலைக்கு அழைக்கிறார்கள். பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். அனுப்பலாமா?
– திருவாரூர் வாசகி

பதில்: அனுப்பலாம் அம்மா, ஆனால் சிலவற்றை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பணம் குறைந்தது என்பதற்காக மட்டும் சம்பளத்தில் கை வைக்க முடியாது. அவருடைய கவனக்குறைவே இழப்புக்குக் காரணம் என்று காட்டி, அவருடைய விளக்கத்தையும் கேட்ட பிறகே பிடிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நாள்தோறும் கவுண்டரில் அமரும்போது டிக்கெட் கட்டின் முதல் எண், கையில் கொடுத்த சில்லறை ஆகியவற்றையும், எழும்போது கடைசி எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். க்யூஆர் அட்டை நிர்வாகத்தின் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். மகளின் கணக்கில் பணம் வாங்கச் சொன்னால் மறுத்துவிடட்டும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம், நகல் போதும். பாலியல் தொல்லை ஏற்பட்டால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமாயின் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் அவர் புகார் அளிக்கலாம்.