மலையிலிருந்து சர்வரில் லினக்ஸ் ஏற்றுவது: கேள்வி பதில்

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, சென்னையில் இருக்கும் வாடகை சர்வரில் டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) ஏற்றப் போகிறேன். பாதியில் இங்கே கரண்ட் போனால் என்ன ஆகும்?

சர்வருக்கு ஒன்றும் ஆகாது தம்பி, தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்புதான் அறும். ஆனால் அதில் ஓடிய கட்டளையும் கூடவே நின்றுவிடும். அதனால் ரெஸ்க்யூ மோடில் (சர்வரின் டிஸ்க்கைத் தொடாமல் எழும் தற்காலிக லினக்ஸ்) நுழைந்ததும் முதல் வேலையாக டிமக்ஸ் திறந்துவிடுங்கள்; இணைப்பு அறுந்தாலும் அதற்குள் ஓடும் கட்டளை சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். போன ஆடி மழையில் குன்னூரில் எங்கள் தெருவில் மரம் சாய்ந்து கரண்டும் ஃபைபரும் சேர்ந்து போயின. அப்போது டெபியனின் அடிப்படைப் பேக்கேஜ்களை ஏற்றும் டெபூட்ஸ்ட்ராப் ஓடிக்கொண்டிருந்தது. போன் நெட்டில் திரும்ப நுழைந்து டிமக்ஸ் அட்டாச் கொடுத்தேன். பேக்கேஜ் பெயர்கள் வரிவரியாக ஏறிக்கொண்டே இருந்தன.

கூடலூரிலிருந்து: எங்கள் சர்வரில் ரெஸ்க்யூ மோடே இல்லை, தூரத்திலிருந்தே சர்வரின் பவரையும் திரையையும் கையாளும் ஐபிஎம்ஐயும் இல்லை. பழைய லினக்ஸ் மட்டும் ஓடுகிறது சார்.

முடியும். டெபியன் நெட்பூட் இன்ஸ்டாலரின் இரண்டு கோப்புகளான கெர்னலையும் இனிட்ஆர்டியையும் பூட் அடைவில் போட்டு, சர்வர் எழும்போது எதை ஏற்றுவது என்று தேர்ந்தெடுக்கும் க்ரப்பில் தனி என்ட்ரி எழுதுங்கள். கெர்னல் வரியில் ஐபி முகவரி, கேட்வே, நெட்வொர்க்-கன்சோல் (இன்ஸ்டாலரை எஸ்எஸ்ஹெச் வழியே நடத்தவிடும் பகுதி), அதற்கான கடவுச்சொல் எல்லாம் இருக்க வேண்டும். இன்ஸ்டாலர் எழுந்ததும் இன்ஸ்டாலர் (installer) என்ற பயனர் பெயரிலேயே எஸ்எஸ்ஹெச்சில் நுழையலாம். அந்த என்ட்ரியை டிஃபால்ட் ஆக்காதீர்கள். க்ரப் டிஃபால்ட்டை சேவ்டு என்று வைத்து, க்ரப்-ரீபூட் கட்டளையால் ஒரே ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். நெட்வொர்க் வராமல் போனால், டேட்டா சென்டரில் பவரை அணைத்துப் போடச் சொன்னால் போதும், பழைய லினக்ஸே எழும். ஒரு விஷயம் முக்கியம்: பூட் அடைவு எல்விஎம் மீதோ மென்பொருள் ரெய்டு மீதோ (டிஸ்க்குகளை மென்பொருளால் பிரித்தும் சேர்த்தும் வைக்கும் முறைகள்) இருந்தால், அந்த ஒருமுறைக் குறிப்பை க்ரப்பால் அழிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் இன்ஸ்டாலரே வந்து நிற்கும். இதை முதலில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஊட்டியிலிருந்து: டெஸ்க்டாப்பும் சேர்த்துப் போடலாமா?

வேண்டாம். சர்வருக்கு அது சுமைதான்.

குன்னூரிலிருந்து: எல்லாம் முடித்து ரீபூட் கொடுத்தேன், பிங் கொடுத்தால் சர்வரிடமிருந்து பதில் வரவில்லை. க்ரப் கெட்டுவிட்டதா அண்ணா?

அவசரப்பட்டு திரும்ப ஏற்றாதீர்கள். ரெஸ்க்யூவில் போய் டிஸ்க்கை மவுண்ட் செய்து, சிஸ்டம் பதிவுகள் சேரும் வார்-லாக்-ஜர்னல் (/var/log/journal) அடைவைப் பாருங்கள். புது பதிவு இருந்தால் சிஸ்டம் நன்றாகவே எழுந்திருக்கிறது, கோளாறு நெட்வொர்க்கில்தான். ரெஸ்க்யூவில் ஈத்0 என்று தெரிந்த நெட்வொர்க் கார்டு, ஏற்றிய டெபியனில் ஈஎன்பி3எஸ்0 போல வேறு பெயரில் வரலாம். பெயரை நம்பாமல், கார்டுக்கே உரிய மேக் முகவரியைக் கொடுத்து, நெட்வொர்க்கை அமைக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டியில் அமைத்துவிடுங்கள். பதிவே இல்லையென்றால், அப்புறம் க்ரப்பைப் பார்க்கலாம்.