கன்ட்ரி பாடகி லொரெட்டா லின் ஏழ்மையிலிருந்து எப்படி மேலே வந்தார்?

கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென்மாநில உழைக்கும் குடும்பங்களிடையே வளர்ந்த இசை. கிட்டாரும் ஃபிடிலும் துணைக்கு நிற்க, வீட்டுக் கதையை நேராகச் சொல்லும் பாட்டு. கென்டக்கி மலையில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் எட்டுப் பிள்ளைகளில் ஒருவராக 1932-இல் பிறந்தவர் லொரெட்டா. பதினைந்து வயதில் கல்யாணம். பிறகு கணவர் 17 டாலருக்கு ஹார்மனி என்ற கம்பெனியின் கிட்டார் ஒன்றை வாங்கித் தந்தார். வாசிக்கத் தானே கற்றுக்கொண்டார்.

குரல் மட்டும் அவரை மேலே கொண்டுவரவில்லை. 1960-இல் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது ஒரு சின்ன கம்பெனி. விற்பனைக்கு ஆள்பலம் கிடையாது. வானொலியில் ஒலிக்காத பாட்டை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். அதனால் கணவனும் மனைவியும் தட்டுகளைத் தபாலில் அனுப்பினார்கள். மிச்சத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வானொலி நிலையமாக ஏறி இறங்கினார்கள். சாப்பாடு சாண்ட்விச், தூக்கம் காரிலேயே. விநியோகஸ்தர் இல்லாத ஊறுகாய்க்காரர் கடை கடையாகப் போய் ருசிக்கக் கொடுப்பாரே, அதே வேலை! பாட்டு, பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பாடல் தரவரிசைப் பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியது. நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியின் மேடை அந்த ஆண்டே கிடைத்தது. 1972-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் தலையாய விருதைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே.

கன்ட்ரியை நம் நாட்டுப்புறப் பாடல் போல நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இது பெயர் தெரிந்தவர்கள் எழுதி, ஒலிப்பதிவு செய்து விற்கும் பாட்டு, லொரெட்டாவின் புகழ்பெற்ற பாடல்கள் பலவும் அவரே எழுதியவை.