ஆவணப்படம் பார்த்தால் கலை புரிந்துவிடுமா?

கேள்வி: கலைகளைப் பற்றிய ஆவணப்படங்களை விரும்பிப் பார்ப்பவன் நான். நடனம், ஓவியம், சிற்பம் என்று பத்துப் படங்களாவது பார்த்திருப்பேன். அந்தக் கலைகள் எனக்கு இப்போது புரிந்துவிட்டன என்றே நினைக்கிறேன். இனி நேரில் சென்று பார்க்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டும். கலைஞர் பிறந்த ஊர், குருவின் பெயர், பட்ட வறுமை, பெற்ற விருதுகள் ஆகியவை உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனால், அவை அவருடைய வாழ்க்கை வரலாறு. இத்தகைய படங்களில் பெரும்பாலானவை, ஒருவர் மாற்றி ஒருவர் நாற்காலியில் அமர்ந்து புகழ்வதிலேயே கழிந்துவிடுவதால், "இவர் மேதை" என்னும் தீர்ப்பை வாங்கிக்கொண்டு, அதற்கான ஆதாரத்தைக் கண்ணால் காணாமலேயே எழுந்து வருகிறோம். இதில் பிழை உங்களுடையதைவிடப் படம் எடுத்தவர்களுடையதே அதிகம்.

ஆனாலும், அரங்கிலோ அருங்காட்சியகத்திலோ கிடைக்காத ஒன்றை ஆவணப்படத்தால் தர முடியும். முடிந்த படைப்பு தன்னுள் மறைத்துக்கொள்ளும் தயக்கத்தையும் திருத்தத்தையும் அது காட்டும். ஓவியர் பிக்காஸோ வரைவதைப் பிரெஞ்சு இயக்குநர் ஹென்றி ஜார்ஜ் க்ளூஸோ 1956-இல் வெளியான படத்தில் காட்டியிருக்கிறார். மை ஊடுருவும் தாளின் ஒரு பக்கம் ஓவியர் வரைய, மறுபக்கம் கேமரா நின்றதால், கையும் தூரிகையும் குறுக்கிடாமல் கோடுகள் மட்டும் தாமாகத் திரையில் எழுகின்றன. பூங்கொத்து மீனாகிறது, மீன் சேவலாகிறது, சேவலும் ஒரு முகத்துக்குள் மறைந்துபோகிறது. முடிந்த ஓவியத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த மீனும் சேவலும் இருந்த தடமே தெரியாது. கடற்கரைக் காட்சி ஒன்று சரியாக வரவில்லை என்று ஓவியரே சொல்லிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதும் அந்தப் படத்தில் இருக்கிறது. புகழுரைகள் எத்தனை கேட்டாலும் இந்தப் பாடம் கிடைக்காது.

மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் அச்சு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது மெழுகு வார்ப்பு. அத்தகைய சிற்பம் பற்றிய படங்களையும் எண்ணிப் பாருங்கள். உருகிய உலோகம் செந்நிறமாக வழிவது கண்ணைப் பறிக்கும் காட்சி என்பதால் அதையே திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். சிற்பத்தின் நிற்கும் நிலையும் உடலின் வளைவும் அதற்கு வெகு முன்பே மெழுகில் தீர்மானமாகிவிடுகின்றன. வார்த்து முடிந்து மண் அச்சை உடைத்த பிறகு, உளியும் அரமும் கொண்டு செய்யும் நீண்ட வேலை வேறு இருக்கிறது. சலிப்பூட்டுமே என்று அஞ்சி அவற்றை வெட்டிவிடும் இயக்குநர், எதை விளக்க வந்தாரோ அதையே வெட்டிவிடுகிறார்.

நடனத்திலும் இசையிலும் சிக்கல் இன்னும் கூடுதல். முகத்தை அண்மையில் காட்டினால் பாதங்கள் மறையும். முழு உருவத்தையும் காட்டினால் கண்ணசைவு தொலையும். 1976-இல் இயக்குநர் சத்யஜித் ராய் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் படமெடுத்தபோது, பாலசரஸ்வதிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' பாடலுக்கு அவர் கடற்கரையில் அபிநயிக்கும் காட்சியில் காற்று புடவையை அலைக்கழிக்கிறது. சிறிய அரங்கில் முகத்தையும் விரல்களையும் அருகிலிருந்து பார்த்து உணர வேண்டிய அபிநயத்துக்குக் கடல்வெளி பொருந்தவில்லை என்பதே என் எண்ணம். அப்படிச் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: அந்தப் படம் இல்லையென்றால், அவருடைய நடனத்தை நேரில் காணக் கொடுத்துவைக்காத தலைமுறைக்கு அவர் வெறும் பெயராகவே எஞ்சியிருப்பார்.

ஆகவே, படம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. குரு மாணவரை நிறுத்தி ஒரே அடவை, அதாவது நடனத்தின் அடிப்படை அசைவை, திரும்பச் செய்யச் சொல்லும் காட்சி எங்கேனும் வந்தால், முதல் முறைக்கும் ஐந்தாம் முறைக்கும் என்ன மாறியது என்று கண்டுபிடிக்கும்வரை அதைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். அந்தப் பயிற்சியோடு ஒரு நிகழ்ச்சிக்குப் போய், அதே அடவு வரும் இடத்தைத் தேடுங்கள். நீங்கள் பார்த்த பத்துப் படங்களில், ஒரு பாடலோ ஆடலோ வெட்டப்படாமல், பின்னணிக் குரல் குறுக்கிடாமல் முதலிலிருந்து முடிவுவரை ஓடும் படம் ஒன்றாவது இருந்தால், அதன் பெயரை எனக்கு எழுதுங்கள். நானும் பார்க்க வேண்டும்.